ஏற மறுக்கும் கார் கண்ணாடி: மோட்டாரை மாற்றும் முன்

கேள்வி இது. பத்து வருடம் ஓடிய ஹேட்ச்பேக். டிரைவர் பக்கக் கண்ணாடி நன்றாக இறங்குகிறது, ஏறும்போது மட்டும் திணறி முக்கால்வாசியில் நின்றுவிடுகிறது. கையால் பிடித்துத் தூக்கிக் கொடுத்தால்தான் மூடுகிறது. பின்பக்க இடது கண்ணாடி அதன் கதவிலுள்ள சுவிட்சுக்கு வேலை செய்கிறது, டிரைவர் கதவிலுள்ள சுவிட்சுக்கு அசைய மாட்டேன் என்கிறது. பட்டறையில் காட்டியதற்கு, "ரெண்டு மோட்டாரும் போச்சு, மெஷினோட செட்டா மாத்திடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா? கூடவே, ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி தானாக மேலே ஏறும் ஆட்டோ மாட்யூல் போடலாமா?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பின் கண்ணாடியின் மோட்டார் நல்ல நிலையில்தான் இருக்கிறது. தன் சுவிட்சுக்கு ஏறி இறங்குகிறதே, அதைவிட என்ன சான்று வேண்டும்? டிரைவர் பக்க மோட்டாரும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பவர் விண்டோவில் பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கண்ணாடி ஏறவில்லை என்றதும் எல்லாரும் மோட்டாரைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் சிக்கல் பீடிங்கிலோ (கண்ணாடியின் ஓரங்கள் வழுக்கி ஏறும் ரப்பர் பட்டை), சுவிட்சின் உள்ளேயோ, கதவு மடிப்பில் ஓடும் வயரிலோதான் அதிகம் இருக்கும். மூல காரணத்தை விட்டுவிட்டுப் புது மோட்டார் போட்டால், புது மோட்டாருக்குப் பலம் அதிகம் என்பதால் கொஞ்ச காலம் ஓடும். பிறகு அதுவும் அதே இடத்தில் வந்து நிற்கும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிது. கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒரு பிடிப்பான் கவ்வியிருக்கும். அந்தப் பிடிப்பான் ஒரு தண்டவாளத்தில் மேலும் கீழும் வழுக்கும். அதை இழுப்பது மெல்லிய எஃகு கேபிள். கேபிள் ஒரு பிளாஸ்டிக் உருளையில் சுற்றியிருக்கும், அந்த உருளையைச் சுற்றுவது மோட்டார். பழைய வண்டிகள் சிலவற்றில் கேபிளுக்குப் பதில் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து சுருங்கும் இரும்புக் கைகள் இருக்கும். இந்த மொத்த அமைப்பைத்தான் கடைகளில் மெஷின் என்றும் ரெகுலேட்டர் என்றும் சொல்கிறோம். மோட்டார் 12 வோல்ட் டி.சி. மோட்டார். அதன் தண்டில் புழு கியர் இருப்பதால், நிறுத்திய இடத்தில் கண்ணாடி நிற்கும், வெளியிலிருந்து கையால் அழுத்தினாலும் இறங்காது. சுவிட்சை எதிர்ப்பக்கம் அழுத்தினால் மோட்டாருக்குப் போகும் பிளஸ், மைனஸ் இடம் மாறும், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சுவிட்சைத் தொடாதபோது மோட்டாரின் இரண்டு வயர்களுமே சுவிட்ச் வழியாக எர்த்தில், அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்தில், சேர்ந்திருக்கும். இந்தக் கடைசி விவரத்தை மனதில் வையுங்கள், பின் கண்ணாடி விஷயத்தில் தேவைப்படும்.

முதலில் கருவி எதுவும் இல்லாமல் செய்கிற சோதனை. வண்டியை நிழலிலோ இருட்டிலோ நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து, உள் கூரை விளக்கைப் போடுங்கள். கண்ணாடி சுவிட்சை ஏற்றும் பக்கம் பிடித்தபடி விளக்கைக் கவனியுங்கள். கண்ணாடி அசையாமல் விளக்கு மட்டும் மங்கினால், கரண்ட் மோட்டார் வரை போய்விட்டது, ஏதோ ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். விளக்கில் எந்த மாற்றமும் இல்லை என்றால் கரண்டே போகவில்லை. சுவிட்ச், வயர், ஃபியூஸ், அல்லது மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் என்று தேட வேண்டும். எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தால் மங்குவது தெரியாமல் போகலாம். அப்போது சார்ஜர் சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட்மீட்டரைப் பாருங்கள், எண் இறங்குகிறதா என்று தெரியும்.

அடுத்து, கண்ணாடி எங்கே திணறுகிறது என்பதைப் பாருங்கள். அடியிலிருந்து உச்சி வரை ஒரே சீராக மெதுவாக ஏறினால் சந்தேகம் கரண்ட் பக்கமோ மோட்டார் பக்கமோ போகும். கீழ்ப்பாதியில் நன்றாக ஏறி மேல்பாதியில் மட்டும் இழுத்தால் பீடிங்தான். கண்ணாடி மேலே போகப் போக அதன் இரு ஓரங்களும் சன்னல் சட்டத்துப் பீடிங்குக்குள் இன்னும் நீளமாக நுழைகின்றன, பிடி கூடிக்கொண்டே போகிறது. நீங்கள் சொல்வது முக்கால்வாசியில் நிற்கிறது என்று. இறங்கும்போது சிக்கல் இல்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. சுமார் 3 கிலோ எடையுள்ள கண்ணாடி இறங்கும்போது தன் எடையாலேயே மோட்டாருக்கு உதவி செய்கிறது. ஏறும்போது அந்த எடையையும் தூக்கி, பீடிங்கின் பிடியையும் மீற வேண்டும். கிணற்று ராட்டினம் துருப்பிடித்தால் வலிப்பது தண்ணீர் இறைக்கிறவர் கைதான். இங்கே அந்தக் கை மோட்டார்.

இதை உறுதி செய்ய சோப்புத் தண்ணீர் போதும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கொஞ்சம் ஷாம்பூ கலந்த தண்ணீரைச் சின்ன பாட்டிலில் எடுத்து, முன் ஓரப் பீடிங்கிலும் பின் ஓரப் பீடிங்கிலும் மேலிருந்து வழியவிடுங்கள். உடனே ஏற்றிப் பாருங்கள். கண்ணாடி சட்டென்று வேகமாக ஏறினால் நோய் தெரிந்துவிட்டது, பிரிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஏறுவதில் மாற்றமே இல்லை என்றால் மட்டும் மேற்கொண்டு தேடலாம்.

பீடிங் சுத்தம் செய்வது சாதாரண வேலைதான், ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். பீடிங்கின் குழிக்குள் மெல்லிய வெல்வெட் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கண்ணாடி வழுக்குவது அதன் மேல்தான். பத்து வருட மண், மழைச் சேறு, கடலோர ஊரென்றால் உப்புப் படிவு எல்லாம் அதில் சேர்ந்து, தொட்டால் அரம் மாதிரி சொரசொரப்பாகிவிடும். பழைய ஏ.டி.எம். அட்டையில் ஈரத்துணியைச் சுற்றி, குழிக்குள் விட்டு மேலும் கீழும் இழுங்கள். முதல் இழுப்பில் வரும் கருப்புச் சேற்றைப் பார்த்தாலே மோட்டார் ஏன் திணறியது என்று புரிந்துவிடும். துணி வெளுப்பாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். மேல் மூலைகளில் பீடிங் வளையும் இடத்தை விட்டுவிடாதீர்கள், மண் கெட்டியாக அடைவது அங்கேதான். அதற்குப் பழைய டூத் பிரஷ் உதவும். கண்ணாடியின் இரு ஓரங்களையும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்ப்ரேயை நீளக் குழல் வைத்துக் குழிக்குள் அடித்து, கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, மேலே ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். டயருக்குப் பளபளப்பு கொடுக்கும் ஸ்ப்ரே வேறு, இது வேறு. கடையில் ரப்பருக்கு உகந்த சிலிக்கான் லூப்ரிகன்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

பீடிங்கில் கிரீஸ், இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதையும் விடவே விடாதீர்கள். அன்றைக்குக் கண்ணாடி வெண்ணெயாக வழுக்கும். ஒரே மாதத்தில் எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகி, முன்பைவிட இறுகும். பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊதவைத்து வடிவத்தையும் கெடுக்கும். டபிள்யூடி-40-யின் வழக்கமான நீல டப்பாவும் பெட்ரோலிய வகைதான், துருவை இளக்க நல்லது, பீடிங்குக்கு வேண்டாம். சில மூத்த மெக்கானிக்குகள் டால்கம் பவுடர் போடுவார்கள். வெயில் காலத்தில் அது வேலை செய்யும், மழை வந்ததும் குழைந்து சேறாகிவிடும். அதனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்களை எல்லாரும் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒன்று, மழைக்காகப் போடும் டோர் வைசர். சட்டத்தின் வெளியே ஒட்டும் வகை தொல்லை தராது. பீடிங் குழிக்குள்ளேயே செருகும் வகை கண்ணாடிக்கான இடத்தைக் குறைத்துவிடும், கண்ணாடி அதை உரசிக்கொண்டே ஏறும். வைசர் போட்ட பிறகுதான் திணறல் ஆரம்பித்தது என்றால் கழற்றிவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, ஓரம் உரிந்த சன் ஃபிலிம். உரிந்த விளிம்பு சுருண்டு பீடிங்குக்குள் மாட்டி ஆப்பு மாதிரி இறுக்கும்.

சுத்தம் செய்தும் பீடிங் கல்லாக இறுகியிருந்தால், வெல்வெட் தேய்ந்து ரப்பர் தெரிந்தால், பீடிங்கையே மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது சட்டத்திலிருந்து கையாலேயே உருவி வந்துவிடும். ஒரு மோட்டார் செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் சின்னப் பங்குதான் ஆகும். உங்கள் வண்டியின் வயதுக்கு என் கணிப்பு, சுத்தம் செய்தால் போதும். வண்டி வருடக்கணக்கில் வெயிலிலேயே நின்றது என்றால் மட்டும் பீடிங் மாற்ற வேண்டிவரும்.

சோப்புத் தண்ணீருக்கும் மசியவில்லை என்றால் கரண்ட் பக்கம் வருவோம். இன்ஜின் அணைந்திருக்கும்போதும் ஓடும்போதும் கண்ணாடியை ஏற்றிப் பாருங்கள். ஓடும்போது கொஞ்சம் வேகம் கூடுவது இயல்பு, ஏனென்றால் பேட்டரியின் 12 சொச்சத்துக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவுக்குக் கொடுக்கிறது. அணைந்திருக்கும்போது செத்தும், ஓடும்போது பிழைத்தும் இருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

பிறகு மோட்டாருக்கு எவ்வளவு வோல்ட் வருகிறது என்று அளக்க வேண்டும். இதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். மோட்டார் கப்ளரை, அதாவது வயர்கள் வந்து செருகும் பிளக்கை, கழற்றிவிட்டு, வெறும் வயரில் மல்டிமீட்டரை வைத்து, "12 வோல்ட் வருது, அப்போ மோட்டார்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. ஓடும் மோட்டாருக்கோ பல ஆம்பியர் வேண்டும், சிக்கி நின்றால் 15 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அந்த ஒற்றை இழை அதற்குத் தாங்காது. ஆகவே கப்ளர் மாட்டியிருக்கும்போதே, பின்புறமாக மீட்டரின் ஊசியை நுழைத்து, சுவிட்சைப் பிடித்தபடி அளக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவே எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து டெஸ்ட் லேம்பாக வைத்துக்கொள்ளலாம். அது கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும் என்பதால் நலிந்த வயரில் பல்பு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நடுவே கசிகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் குழாயை. அதற்குள் ஓடும் வயர்கள் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வளைகின்றன. டிரைவர் கதவுதான் அதிகம் திறக்கப்படும், ஆகவே முதலில் அறுவதும் அங்கேதான். அடையாளம் எளிது: கதவைப் பாதி திறந்து வைத்தால் கண்ணாடி ஏறும், மூடினால் ஏறாது, அல்லது நேர்மாறாக இருக்கும். ரப்பரை ஒதுக்கிப் பார்க்கும்போது வயர்கள் முழுசாகத்தான் தெரியும். ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழுங்கள். உள்ளே செம்பு அறுந்த வயர் மட்டும் மேலுறை ரப்பர் பேண்டு மாதிரி நீளும். அந்த இடத்தில் உறையைக் கீறினால் செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பூத்துப் பொடிப்பொடியாக இருக்கும். அதை முறுக்கி டேப் சுற்றுவது சில நாள் தாங்கும் வைத்தியம். வளையும் இடத்திலேயே ஈயம் பற்றவைத்தாலும் ஈயம் வயரை விறைப்பாக்கி, பக்கத்தில் மறுபடி அறும். மெல்லிய இழைகள் நிறைந்த மிருதுவான வயரை ரப்பர் குழாயின் இரு முனைகளையும் தாண்டும் நீளத்துக்கு எடுத்து, இணைப்புகள் கதவுக்குள்ளும் பாடிக்குள்ளும் விழும்படி பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். அப்படிச் செய்தால் நிலைத்து நிற்கும்.

எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஃபியூஸ், ரிலே, டிரைவர் சுவிட்ச் கப்ளர் என்று பார்த்தால் போதும். எரிந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியரோ அதே அளவில்தான் புதியது போட வேண்டும். 20 எரிகிறதே என்று 40 போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும்.

வோல்ட் சரியாக வருகிறது, பீடிங்கும் சுத்தம், இருந்தும் ஏறவில்லை. இப்போது மோட்டாரைச் சந்தேகிக்கலாம். சுவிட்சைப் பிடித்தபடி கதவின் உட்பக்கம், ஸ்பீக்கருக்கு மேலே, கைமுஷ்டியால் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்து முனைக்கு வந்துவிட்டது. நல்ல எலக்ட்ரீஷியன் மோட்டாரைப் பிரித்து, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் படிந்த கரியைச் சுத்தம் செய்து, பிரஷ் மாற்றி, கியரில் காய்ந்த கிரீஸை வழித்துப் புது கிரீஸ் வைத்துத் தருவார். கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளே துரு ஏறியிருந்தால் அந்த மெனக்கெடலுக்குப் பயனில்லை, மோட்டாரை மாற்றிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல மோட்டார்களுக்குள் சூடானால் கரண்டை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கும். சோதித்துச் சோதித்துப் பார்த்ததில் கண்ணாடி திடீரென்று முற்றிலும் நின்றுவிட்டால் பதறாதீர்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கொடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை, ஆனால் இரண்டே வயர் உள்ள மோட்டாருக்கு மட்டும். நடுவில் ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள். கப்ளரில் நாலைந்து வயர் வந்தால் அதற்குள் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, நேரடிக் கரண்ட் கொடுத்தால் அந்த போர்டு போய்விடும்.

சத்தமும் நிறையச் சொல்லும். மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிள் அறுந்துவிட்டது அல்லது பிடிப்பான் உடைந்துவிட்டது. கடகடவென்று எதையோ மெல்லுவது போலச் சத்தம் வந்தால் கேபிள் இழை பிரிந்து உருளையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், தொடர்ந்தால் கண்ணாடி கதவுக்குள் விழும். இந்த இரண்டுக்கும் ரெகுலேட்டரை மாற்றுவதுதான் வழி. மோட்டாரை அதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம், பல வண்டிகளுக்கு மெஷின் மட்டும் தனியாகக் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை போவது வழக்கம். பழசு வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் கொடுத்து இரு திசையிலும் ஓடுகிறதா, கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இடது மெஷின் வலதில் சேராது.

கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்ற வேண்டி வந்தால், கைப்பிடிக் குழிக்குள்ளும் திறக்கும் லீவருக்குப் பின்னாலும் சின்ன மூடிகளுக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகுதான் ஓரங்களில் கிளிப்பை விடுவிக்க வேண்டும். கழற்ற மறுக்கிறது என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி என்று பொருள், பலம் காட்டாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் கிளிப்புகள் பொரித்த அப்பளப் பதத்தில் இருக்கும், நாலைந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் எடுத்து, வேலை முடிந்ததும் பசையோடு அழுத்தி ஒட்டிவிட வேண்டும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீரைக் கீழே வடியவைப்பது அந்தத் தாள்தான். அதை எறிந்துவிட்ட வண்டிகளில்தான் மழைக்காலத்தில் கால்மிதி நனைகிறது, காரணம் தெரியாமல் மேற்கூரையில் ஓட்டை தேடுகிறார்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய நீளத் துளைகள் இருக்கும். கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு அவற்றையும் குத்திவிடுங்கள்.

ரெகுலேட்டரில் கை வைக்கும் முன் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி, சட்டத்தின் மேல் வழியாக உள்ளும் புறமும் அகலமான டேப் ஒட்டித் தொங்கவிடுங்கள். கத்தரிக்கோல் வகை மெஷின் என்றால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கண்ணாடியின் எடையைத் தாங்க அதில் சுருள் ஸ்பிரிங் முறுக்கி வைத்திருப்பார்கள். மோட்டாரைக் கழற்றிய கணமே பல்சக்கரக் கை ஸ்பிரிங்கின் விசையோடு பாய்ந்து சுற்றும், நடுவே விரல் இருந்தால் நசுங்கிவிடும். மோட்டார் ஸ்க்ரூவைத் தொடும் முன்பே அந்தக் கையை ஒரு போல்ட்டாலோ கவ்வியாலோ சட்டத்தோடு பூட்டிவிட வேண்டும். அதைச் செய்ய வசதியில்லை என்றால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கதவுத் தகட்டின் உள்விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போடாமல் கையை உள்ளே விடாதீர்கள்.

மாட்டும்போது போல்ட்டுகளை உடனே இறுக்காதீர்கள். விரலால் மட்டும் திருகி வைத்து, கண்ணாடியை உச்சி வரை ஏற்றுங்கள். அது பீடிங்குக்குள் தானாக நேராகி உட்காரும். அந்த நிலையில் இறுக்கினால்தான் கண்ணாடி சாயாமல் ஏறும். பழுதே இல்லாத மெஷின் திணறுவதற்குப் பெரிய காரணம் கோணலாக இறுக்கிய கண்ணாடிதான். தண்டவாளத்திலும் புல்லியிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். அங்கே கிரீஸ் வேண்டும், பீடிங்குக்குத்தான் கூடாது.

இனி பின் இடது கண்ணாடி. பல வண்டிகளில் டிரைவர் சுவிட்சிலிருந்து புறப்படும் கரண்ட் நேராகப் பின் மோட்டாருக்குப் போவதில்லை. பின் கதவுச் சுவிட்சுக்குள் நுழைந்து, அதன் ஓய்வு நிலைத் தொடுமுனைகள் (சுவிட்சைத் தொடாதபோது சேர்ந்திருப்பவை) வழியாகத்தான் போகிறது. அதேபோல், பின் சுவிட்சை அழுத்தும்போது மோட்டாருக்குத் தேவையான எர்த் டிரைவர் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. உங்கள் வண்டியில் பின் சுவிட்சுக்குக் கண்ணாடி ஏறி இறங்குவதால் அந்த எர்த் வழியும் ஓய்வு நிலைத் தொடுமுனைகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆகவே குற்றவாளி பெரும்பாலும் டிரைவர் சுவிட்சில் அந்தப் பட்டனுக்குக் கரண்ட் கொடுக்கும் தொடுமுனை. பின் சுவிட்சில் கண்ணாடி இறங்கும், ஆனால் ஏறாது என்று சொல்லி வருகிறவர்களுக்கும் இந்த வயரிங்தான் விடை. எர்த் கொடுக்கும் இரு முனைகளில் ஒன்று டிரைவர் சுவிட்சில் கெட்டிருக்கும். பின் சுவிட்சை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது.

உறுதி செய்யக் காசு தேவையில்லை. பின் இடது, பின் வலது சுவிட்சுகள் பல மாடல்களில் ஒன்றேதான். இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிக்கல் வலது கதவுக்குப் போனால் சுவிட்ச், இடத்திலேயே இருந்தால் டிரைவர் பக்க மாஸ்டர் சுவிட்ச். அப்புறம், சின்ன விஷயம்தான், ஆனால் பார்த்துவிடுங்கள்: பின் சுவிட்சுகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் டிரைவர் கதவில் விண்டோ லாக் பட்டன் அழுந்தியிருக்கலாம்.

மாஸ்டர் சுவிட்ச் கெடுவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். கண்ணாடி இறங்கியிருக்கும்போது அடிக்கும் மழை, கைதவறிய டீ, எல்லாம் நேராக அதன் மேல்தான் விழும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, சுவிட்சை எடுத்து, மூடியை நெம்பித் திறந்தால் செம்புத் தகடுகள் கரியும் களிம்புமாக இருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மிக நுண்மையான உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல், மறுபடி கிளீனர், காயவைத்து மூடுங்கள். திறக்கும்போது சின்ன ஸ்பிரிங்குகளும் குண்டுகளும் தெறிக்கும், ஒரு வேட்டியையோ வெள்ளைத் துண்டையோ விரித்து அதன் மேல் வைத்துத் திறந்தால் தொலையாது. முனை பள்ளமாக எரிந்திருந்தால் மட்டும் புதுச் சுவிட்ச் வாங்குங்கள். சற்றே புதிய வண்டிகளில் சுவிட்ச் வெறும் சைகை மட்டும் அனுப்பும், கரண்டைக் கொடுப்பது கட்டுப்பாட்டு யூனிட். அங்கே இந்த வைத்தியம் செல்லாது, ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடி தானாக ஏறி, மூடும் நேரத்தில் திரும்ப இறங்கிவிடுகிறது என்று சிலர் கேட்பார்கள். அது பழுது அல்ல, விரல் நசுங்காமல் காக்கும் அமைப்பு பீடிங்கின் இறுக்கத்தைத் தடையாக நினைத்துக்கொள்கிறது. பீடிங்கைச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி கழற்றி மாட்டியிருந்தால் உச்சி எது, அடி எது என்பதை மோட்டாருக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். பொதுவாக, கண்ணாடியை முழுக்க ஏற்றி, மூடிய பிறகும் சில விநாடி சுவிட்சை அப்படியே பிடித்திருக்க வேண்டும். வரிசை மாடலுக்கு மாடல் மாறும், வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

இதற்குப் பிறகு பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவையும் முடிந்ததும் ஒரு தடவையும் பீடிங் துடைத்து சிலிக்கான் அடித்தால் போதும். சேறு படிந்த கண்ணாடியைத் துடைக்காமல் இறக்காதீர்கள், அந்த மண் முழுவதும் கதவுக்குள் போகும், கண்ணாடியிலும் கீறல் விழும். கண்ணாடி மூடிய பிறகும் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சிக்கி நிற்கும் மோட்டார்தான் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகிறது.

கடைசியாக ஆட்டோ மாட்யூல். வெளியில் வாங்கிப் போடும் மாட்யூல்களில் பல, மோட்டார் இழுக்கும் கரண்ட் எகிறினால் நின்றுவிடும், அவ்வளவுதான். நடுவே கை மாட்டினால் நின்று, திரும்பி இறங்கும் என்ற உறுதி கிடையாது. கம்பெனியில் வரும் அமைப்பு அப்படியல்ல. ஐ.நா.வின் வாகன விதி 21, தானாக ஏறும் கண்ணாடி 100 நியூட்டனுக்குமேல், அதாவது சுமார் 10 கிலோ எடைக்கு ஈடான அழுத்தத்துக்குமேல் கொடுக்கும் முன் திரும்ப வேண்டும் என்கிறது. குழந்தைகள் சன்னலில் தலை நீட்டியபடி முழங்காலால் சுவிட்சை அழுத்திவிட்டு மாட்டிக்கொண்ட விபத்துகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் 2004-ல் சுவிட்சின் அமைப்பையே விதியால் மாற்றினார்கள். தற்செயலாக முழங்காலோ கையோ பட்டு கண்ணாடி ஏறிவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மேலே இழுத்தால்தான் ஏறும் சுவிட்சுகள் இன்று பரவலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் கண்ணாடிக்கு ஏற்கெனவே பீடிங் இறுக்கம் இருக்கிறது. அதில் மாட்யூல் போட்டால் பாதியில் நிற்கும், நிற்காமலிருக்க மெக்கானிக் அதன் அளவைக் கூட்டி வைப்பார், கூட்டிய அளவில் ஒரு குழந்தையின் கழுத்து மாட்டினாலும் அது நிற்காது. நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால், இறங்கும் திசைக்கு மட்டும் ஆட்டோ வேலை செய்யும்படியும், டிரைவர் கண்ணாடிக்கு மட்டும் இருக்கும்படியும் இணைத்துத் தரச் சொல்லுங்கள்.